கன்ஸ்மோக் ஏன் வயக்காட்டில் போய் முடிந்தது?

கேள்வி இதுதான். 'கன்ஸ்மோக்' என்ற பழைய அமெரிக்க வெஸ்டர்ன் டிவி தொடரை முதலிலிருந்து கடைசி வரை, 635 எபிசோடையும் பொறுமையாகப் பார்த்து முடித்த ஒருவர் நொந்துபோய்க் கேட்கிறார்: "இருபது வருடம் ஓடிய தொடர். கடைசி எபிசோடில் மேட் டில்லனைத் தேட வேண்டியிருக்கிறது. கிட்டி இல்லவே இல்லை. யாரும் யாரிடமும் விடைபெறவில்லை. ஃபெஸ்டஸ் ஒரு சோம்பேறிக் குடும்பத்தின் வயலில் மாட்டிக்கொண்டு திண்டாடுகிறான், அப்புறம் எழுத்து ஓடுகிறது. இப்படியா முடிப்பார்கள்?"

அவர்கள் முடிக்கவில்லை. எடுத்தவர்களுக்கு அது கடைசி எபிசோட் என்று தெரியாது. நடித்தவர்களுக்கும் தெரியாது. 1975 மார்ச் 31, திங்கட்கிழமை இரவு அதைப் பார்த்தவர்களுக்கும் அப்படித் தோன்ற ஒரு காரணமும் இல்லை. இருபதாவது சீசன் ஆயிற்று, செப்டம்பரில் இருபத்தொன்றாவது தொடங்கும் என்றே எல்லோரும் இருந்தார்கள். மேட் டில்லனாக நடித்த ஜேம்ஸ் ஆர்னெஸ் பிற்காலத்தில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்: இன்னும் ஒன்றிரண்டு வருடமாவது போகும் என்று நினைத்திருந்தோம், நிறுத்தப்போகிறோம் என்று தொடரை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனம் எங்களிடம் மூச்சுகூட விடவில்லை என்று. தொழில் பத்திரிகையில் செய்தி வந்த பிறகுதான் குழுவுக்கே விஷயம் தெரிந்தது. இருபது வருடம் ஒரே வேலையைப் பார்த்த மனிதனுக்கு வேலை போன செய்தி பேப்பரில் வருகிறது. உங்களுடைய ஏமாற்றம் அவருடையதற்குப் பக்கத்தில்கூட வராது.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. கன்ஸ்மோக் முதலில் வானொலி நாடகம். இயக்குநர் நார்மன் மெக்டானலும் எழுத்தாளர் ஜான் மெஸ்டனும் 1952இல் தொடங்கினார்கள். 1870களின் டாட்ஜ் சிட்டி, கன்சாஸ் மாநிலம். மாடு ஓட்டி வருபவர்கள், சூதாடிகள், துப்பாக்கி ஏந்திய வழிப்போக்கர்கள், அவர்களுக்கு நடுவே ஒரு மார்ஷல், அதாவது சட்டம் ஒழுங்கைக் காக்கும் அதிகாரி, மேட் டில்லன். குழந்தைகளுக்கான கௌபாய் கதைகளே நிறைந்திருந்த காலத்தில் பெரியவர்களுக்கென்று எழுதப்பட்ட வெஸ்டர்ன் அது. டிவிக்கு வந்தது 1955 செப்டம்பர் 10. முதல் எபிசோடுக்கு முன்னால் வெஸ்டர்ன் பட நட்சத்திரம் ஜான் வெய்னே திரையில் வந்து, இந்த ஆர்னெஸ் என்கிற பையன் பெரிய ஆளாக வருவான் என்று சிபாரிசு செய்துவிட்டுப் போனார். 1957இலிருந்து நான்கு சீசன் தொடர்ந்து அமெரிக்காவின் முதலிட நிகழ்ச்சி. அரை மணி நேரமாக இருந்தது 1961இல் ஒரு மணி நேரமானது, 1966இல் வண்ணமானது. மேட், 'டாக்' என்று எல்லோரும் கூப்பிடும் டாக்டர் ஆடம்ஸ், லாங் பிராஞ்ச் சலூன் நடத்தும் மிஸ் கிட்டி, மேட்டுக்கு உதவியாக முதலில் செஸ்டர், பிறகு ஃபெஸ்டஸ், பின்னாளில் வந்து சேர்ந்த நியூலி. இவர்கள்தான் குடும்பம்.

சரி, அந்தக் கடைசி எபிசோடுக்கு வருவோம். பெயர் 'தி ஷேர்கிராப்பர்ஸ்', விளைச்சலில் பங்கு என்ற பேச்சில் அடுத்தவர் நிலத்தை உழும் குடியானவர்கள் என்று அர்த்தம். பியூ என்ற குடும்பம். தலைவர் டிப்பிள் பியூ உடம்பு வணங்காத மனிதர். விதைப்பு நடந்தாக வேண்டும், இவர் குனிய மாட்டார். ஃபெஸ்டஸ் அங்கே போய் வசமாக மாட்டிக்கொள்கிறான். ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு, அந்தக் கட்டைக்குரலில் முனகிக்கொண்டு, தனக்குச் சம்பந்தமே இல்லாத நிலத்தில் அவன் படும் பாடுதான் கதை. சிரிப்புக் கதை. துப்பாக்கிச் சண்டை, தூக்குமரம், பழிவாங்கல் எதுவும் கிடையாது.

இதை அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைசி எட்டு வருடமாகத் தொடர் ஓடிய தடமே அதுதான். ஜான் மேன்ட்லி தயாரிப்பாளராக வந்த 1967க்குப் பிறகு கன்ஸ்மோக் பெருமளவுக்கு விருந்தினர் கதையாகிவிட்டது. வாரம் ஒரு வெளி நடிகர் வருவார், அவருடைய துக்கமோ கிறுக்கோ ஒரு மணி நேரத்தை நிரப்பும், மேட் ஆரம்பத்தில் தலை காட்டிவிட்டு முடிவில் வந்து வழக்கைத் தீர்ப்பார். ஒரு வாரம் நியூலி, ஒரு வாரம் டாக், ஒரு வாரம் ஃபெஸ்டஸ். மேட் பாதிக் கதையில் காணாமல் போவதை அன்றைய ரசிகர்கள் அதிசயமாக நினைத்திருக்க மாட்டார்கள்.

அதற்குப் பின்னால் ஒரு கால் இருக்கிறது. ஆர்னெஸ் ஆறடி ஏழங்குல மனிதர். 1944இல் இத்தாலியில் ஆன்சியோ போர்முனையில் வலது காலில் குண்டு வாங்கியவர். அந்தக் கால் ஆயுசுக்கும் சரியாகவில்லை. குதிரை ஏற, இறங்க, நாள் முழுக்க நிற்க வலிக்கும். பிந்தைய சீசன்களில் அவர் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள்: வாசற்படி இறங்கும்போது ஒரு நொடி தயங்கி, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து இறங்குவார். மார்ஷலின் கம்பீரம் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தது அந்த வலியைத்தான். அவருடைய வேலைச் சுமையைக் குறைக்க வேண்டியிருந்தது, கதை மற்றவர்கள் தோளுக்குப் போனது. அந்தத் தோள்களிலேயே அகலமானது கென் கர்ட்டிஸுடையது. இதற்கு முன்னால் 'சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ்' குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். அவ்வளவு இனிமையான குரலை ஒளித்துவைத்துவிட்டு ஃபெஸ்டஸின் கரகரப்பைப் பதினோரு வருடம் விடாமல் பேசினார். கடைசி எபிசோட் அவர் தலையில் விழுந்தது தற்செயல்தான். ஆனாலும் அதற்குத் தகுதியான தலை.

கிட்டி விஷயத்துக்கு வருகிறேன். கேள்வியில் நிஜமாகவே வலிக்கிற இடம் அதுதான். அமாண்டா பிளேக் பத்தொன்பது சீசன் நடித்துவிட்டு 1974இல் விலகிவிட்டார். வெளியூரிலிருந்து படப்பிடிப்புக்கு வந்து போகும் அலுப்பு ஒரு பக்கம். சலூனில் மதுப் பரிமாறும் சாமாக நடித்த கிளென் ஸ்ட்ரேஞ்ச் 1973இல் இறந்துபோனது இன்னொரு பக்கம். இருபதாவது சீசனில் லாங் பிராஞ்ச் கல்லாவுக்குப் பின்னால் ஹன்னா என்று வேறொரு பெண்மணி நிற்கிறார், ஃப்ரான் ரையன் நடித்தது. நல்ல நடிகைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கல்லாவுக்குப் பின்னால் கிட்டி இல்லாத லாங் பிராஞ்ச் வெறும் சாராயக் கடை. ஆகவே 1975 மார்ச்சில் எவ்வளவு நல்ல முடிவு எழுதியிருந்தாலும் பாதிதான் முடிந்திருக்கும். மேட்டும் கிட்டியும் என்னவானார்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இருவரில் ஒருவர் ஏற்கெனவே கிளம்பிப் போயாயிற்று.

இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. கடைசி என்பதை மறந்துவிட்டு, வெறும் ஒரு வார எபிசோடாகப் பார்த்தால் 'ஷேர்கிராப்பர்ஸ்' எப்படி? சுமார்தான். இதில் நான் தொடருக்காக வக்காலத்து வாங்கமாட்டேன். பியூவாக நடித்த விக்டர் ஃப்ரெஞ்ச் பிரமாதமான ஆள். கன்ஸ்மோக்கில் எத்தனையோ முறை எத்தனையோ பேராக வந்தவர், பெரும்பாலும் அழுக்குச் சட்டை வில்லன். இதில் சோம்பலையே ஒரு கலையாகச் செய்கிறார். ஆனால் கதைக்குச் சதை கிடையாது. ஃபெஸ்டஸ் சிரிப்புக் கதைகள் தொடர் முழுக்க உண்டு, அவை இரண்டு கனமான கதைகளுக்கு நடுவே தொட்டுக்கொள்ளும் ஊறுகாய். ஊறுகாயை மட்டும் கடைசிக் கவளமாக வைத்து இலையை மடித்துவிட்டார்கள்.

கோபம் வருவது அதே சீசனின் மற்ற எபிசோடுகளைப் பார்த்தவர்களுக்குத்தான். இருபதாவது வருடத்தில் தொடர் தளர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த சீசன் தொடங்கியதே 'மேட் டில்லன் மஸ்ட் டை' என்ற எபிசோடோடு, 1974 செப்டம்பரில். மகனை இழந்த ஒரு தகப்பன் மேட்டைப் பிடித்து, கொஞ்ச தூரம் ஓட விட்டு, மற்ற மகன்களோடு பனியில் மிருகத்தைத் துரத்துவதுபோல் துரத்துகிறான். அந்தக் காலை வைத்துக்கொண்டு ஆர்னெஸ் அந்தப் பனியில் ஓடுகிறார், விழுகிறார், மறுபடி எழுகிறார். தகப்பன் ஒவ்வொரு மகனாக இழக்கும்போது அவன் முகத்தில் வெறி வடிந்து வெறும் முதுமை மிஞ்சுகிறது. இந்த எபிசோடை இயக்கியவர் யார் தெரியுமா? அதே விக்டர் ஃப்ரெஞ்ச். சீசனின் முதல் எபிசோடை இயக்கியவர், கடைசி எபிசோடில் உடம்பு வணங்காத பியூவாக உட்கார்ந்திருக்கிறார். வரிசையை மட்டும் மாற்றிப் போட்டிருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டீர்கள்.

கடைசி மாதங்களில்கூட நல்ல சரக்கு இருந்தது. 'ஹார்ட் லேபர்' எபிசோடில் ஒரு ஊழல் நீதிபதி மேட்டுக்கே தண்டனை விதித்து வெள்ளிச் சுரங்கத்தில் கல் உடைக்க அனுப்புகிறான். சட்டத்தின் மறுபக்கத்தில் மேட் நிற்கும் அந்தக் காட்சிகளில் ஆர்னெஸ் பேசாமலே நடித்திருப்பார். 'தி பஸ்டர்ஸ்' எபிசோடில் முரட்டுக் குதிரைகளைப் பழக்கும் இளைஞன் ஒருவன் குதிரை உதறியதில் உள்காயம் பட்டு, வெளியே தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறான். நடித்தவர் அப்போது அவ்வளவாகப் பெயர் வராத கேரி பியூசி. ரசிகர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: கன்ஸ்மோக்கில் கடைசியாகச் செத்தவன் அவன்தான். இருபது வருடம் துப்பாக்கிப் புகையையே பெயராக வைத்துக்கொண்டிருந்த தொடரின் கடைசிச் சாவு, குதிரையிலிருந்து விழுந்த சாவு.

அடுத்தது, ஏன் நிறுத்தினார்கள். பார்க்க ஆளில்லை என்றா? இல்லை. கடைசி சீசனிலும் அது முதல் முப்பது இடங்களுக்குள் இருந்தது. பார்த்தவர்கள் யார் என்பதுதான் சிக்கல். 1970வாக்கில் சிபிஎஸ்ஸுக்கு ஒரு ஞானம் பிறந்தது: எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதைவிட எவ்வளவு வயதுக்காரர்கள், எந்த ஊர்க்காரர்கள் பார்க்கிறார்கள் என்பதற்குத்தான் விளம்பரதாரர் காசு கொடுக்கிறார். நகரத்தில் இருக்கும், சம்பாதித்துச் செலவழிக்கும் இளவயதுக்காரர்கள் வேண்டும். கிராமத்துப் பெரியவர்கள் வேண்டாம். அப்படி 1971இல் ஒரே வெட்டாக 'பெவர்லி ஹில்பில்லீஸ்', 'கிரீன் ஏக்கர்ஸ்', 'ஹீ ஹா' எல்லாவற்றையும் சாய்த்தார்கள். மரம் இருக்கிற நிகழ்ச்சி எதையும் சிபிஎஸ் விட்டுவைக்கவில்லை என்று 'கிரீன் ஏக்கர்ஸ்' நடிகர் பாட் பட்ரம் கிண்டலடித்தார். அந்த வெட்டில் தப்பியது கன்ஸ்மோக். மரத்துக்குக் குறைவில்லாத தொடர்தான், ஆனால் அப்போது அதன் பார்வையாளர் எண்கள் தொட முடியாத உயரத்தில் இருந்தன.

அந்த உயரம் எப்படி வந்தது என்பது தனிக்கதை. 1967இல் கன்ஸ்மோக்கை ஒரு முறை நிறுத்தியே விட்டார்கள். சனிக்கிழமை இரவில் எண்கள் சரிந்திருந்தன. அறிவிப்பும் வந்துவிட்டது. சிபிஎஸ் தலைவர் வில்லியம் பேலி விடுமுறையில் இருந்தார். அவருக்கு மிகவும் பிடித்த தொடர் இது. செய்தி காதில் விழுந்ததும் அங்கிருந்தே தலையிட்டு, அதை எப்படியாவது பட்டியலில் திரும்பச் சேருங்கள் என்றார். திங்கட்கிழமையில் இடம் கண்டுபிடித்தார்கள். அந்த இடத்துக்காகப் பலியானது 'கில்லிகன்ஸ் ஐலண்ட்'. தீவில் மாட்டிக்கொண்ட அந்த ஏழு பேரும் கரையேறாமலே தொடர் நின்றுபோயிற்று, அவர்களுக்கும் கடைசி எபிசோட் என்று ஒன்று எழுதப்படவில்லை. கன்ஸ்மோக் ரசிகர்களாகிய நாம் முடிவில்லாமல் விட்டுவிட்டார்களே என்று புலம்பும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமைக்கு மாறிய கன்ஸ்மோக் அந்த வருடமே முதல் பத்துக்குள் பாய்ந்தது. இன்னும் எட்டு வருடம் அந்தப் பாய்ச்சலில் ஓடியது.

1975இல் அப்படிக் குறுக்கே வந்து நிற்க யாரும் இல்லை. திங்கட்கிழமை இரவு நகரத்துப் பெண்களைப் பற்றிய அரை மணி நேர நகைச்சுவைகளுக்குப் போயிற்று: 'ரோடா', 'ஃபிலிஸ்'. மேரி டைலர் மூர் தொடரின் கிளைகள். அவை நல்ல நிகழ்ச்சிகள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் அமெரிக்க டிவியின் மாலை நேரத்தையே நிரப்பியிருந்த வெஸ்டர்ன் தொடர்களில் அன்றைக்கு எஞ்சி நின்ற பெரிய மரம் கன்ஸ்மோக். அதையும் சாய்த்தார்கள்.

"சரி, நிறுத்தட்டும். ஒரு கடைசி எபிசோட் எடுக்க விட்டிருக்கக் கூடாதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். இன்றைய பழக்கத்தில் இருந்துகொண்டு கேட்கிறோம். அன்றைக்கு டிவி தொடர் என்பது முடிவை நோக்கிப் போகும் கதை இல்லை, தினமும் திறக்கிற மளிகைக் கடை. கடையை மூடுகிற அன்றைக்கு யாரும் மேளம் வைப்பதில்லை. ஒரு நாள் போனால் ஷட்டர் இறங்கியிருக்கும், அவ்வளவுதான். இன்னொரு வெஸ்டர்ன் தொடரான 'பொனான்ஸா'வைப் பாருங்கள். பதினான்கு வருடம் ஓடியது, 431 எபிசோட். 1972இல் ஹாஸ் ஆக நடித்த டான் பிளாக்கர் இறந்தார், எண்கள் விழுந்தன, சீசன் நடுவிலேயே வெட்டிவிட்டார்கள். 1973 ஜனவரி 16இல் வந்த கடைசி எபிசோட் 'தி ஹன்டர்': லிட்டில் ஜோவை ஒரு மனநிலை பிறழ்ந்த ராணுவக்காரன் துரத்துகிறான். எழுதி இயக்கியவர் லிட்டில் ஜோவாக நடித்த மைக்கேல் லேண்டனே. நல்ல விறுவிறுப்பான கதை, மறுக்கவில்லை. ஆனால் கார்ட்ரைட் குடும்பத்துக்கும் அந்தப் பண்ணைக்கும் அதில் விடை கொடுத்தலே கிடையாது. ஆக, அந்த வழக்கத்துக்கு கன்ஸ்மோக் மட்டும் விலக்காக இருந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

முறையாக முடித்த தொடர் அப்போதும் இருந்தது. 1967 ஆகஸ்டில் 'தி ஃப்யூஜிடிவ்' தொடரின் இரண்டு பகுதி முடிவு ஒளிபரப்பானது. நாயகன் தொடர் முழுக்கத் தேடிய ஒற்றைக் கைக் கொலைகாரனைக் கடைசியில் பிடித்தார்கள். அமெரிக்காவில் கிட்டத்தட்ட 7 கோடியே 80 லட்சம் பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். இதைப் பார்த்த தொலைக்காட்சிக்காரர்கள் 'ஆகா, முடிவுக்கு இவ்வளவு கூட்டமா' என்று பாடம் படித்திருக்க வேண்டும். அவர்கள் படித்தது வேறு பாடம்: குற்றவாளி யாரென்று தெரிந்துபோன பிறகு மறுஒளிபரப்பை எவன் பார்ப்பான் என்ற பயம்.

பணம் அங்கேதான் இருந்தது, மறுஒளிபரப்பில். கன்ஸ்மோக்கில் 233 அரை மணி எபிசோட், கறுப்பு வெள்ளையில் 176 ஒரு மணி எபிசோட், வண்ணத்தில் 226. உள்ளூர் நிலையங்கள் இவற்றைக் கட்டுக் கட்டாக வாங்கி, எந்த வரிசையிலும் போடும். இன்று செஸ்டர் இருப்பான், நாளை ஃபெஸ்டஸ் இருப்பான், யாரும் கேட்க மாட்டார்கள். மேட் பதவி விலகி ஊரைவிட்டுப் போகிற ஒரு எபிசோட் அந்தக் கட்டில் இருந்தால் அது தொந்தரவு. முடிவே இல்லாத தொடர்தான் முடிவில்லாமல் விற்கும். ஆனால் 1975இல் யாராவது உட்கார்ந்து இதைத் திட்டமிட்டு முடிவெழுதாமல் விட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. முடிவு எழுத வேண்டும் என்று யோசிக்கக்கூட அந்தத் தொழிலில் யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை.

எனக்குக் கொடுத்திருந்தால் எப்படி முடித்திருப்பேன் என்று ஒரு ஆசை உண்டு. கல்யாணம் வேண்டாம். ஆரம்ப வருடங்களில் பல எபிசோடுகள் எப்படித் தொடங்கும் என்று நினைவிருக்கிறதா? டாட்ஜ் சிட்டிக்கு வெளியே பூட் ஹில் இடுகாடு. மரச் சிலுவைகளும் பலகைகளும். மேட் தனியாக நடந்து வந்து, அங்கே கிடப்பவர்களில் சிலர் எப்படி அங்கே வந்து சேர்ந்தார்கள் என்று நமக்குச் சொல்வதுபோலவும் தனக்குள் சொல்லிக்கொள்வதுபோலவும் பேசுவார். அவர் புதைத்தவர்களும் அதில் உண்டு. வருடங்கள் போகப் போக அந்தத் தொடக்கத்தை விட்டுவிட்டார்கள். துப்பாக்கி மோதலோடு வந்த முகப்புக் காட்சியையும் பின்னாளில் மாற்றி, மேட் குதிரையில் பாய்ந்து போவதாக வைத்தார்கள், டிவியில் வன்முறை அதிகம் என்ற கூச்சல் எழுந்த காலம் அது. ஐம்பத்தொரு வயது ஆர்னெஸை, காதோர நரையோடு, காலை இழுத்துக்கொண்டு, ஒரே ஒரு முறை அந்த இடுகாட்டு மேட்டில் ஏற்றியிருந்தால் போதும். வசனம்கூட வேண்டியதில்லை. பலகைகளுக்கு நடுவே நின்று ஊரைப் பார்த்துவிட்டு இறங்கியிருந்தால் போதும். ஒரு நாள் படப்பிடிப்பு.

அது கிடைக்காதவர்களுக்கு என் சிபாரிசு: பத்தொன்பதாவது சீசனின் கடைசி எபிசோடான 'தி டிசைப்பிள்' பார்த்துவிட்டு, அதையே முடிவு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1974 ஏப்ரல் 1இல் வந்தது. துப்பாக்கிச் சண்டையில் மேட்டின் வலது கை செயலிழக்கிறது. துப்பாக்கி எடுக்க முடியாத மார்ஷல் ஊருக்கு எதற்கு என்று மார்ஷல் பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு டாட்ஜை விட்டுக் கிளம்புகிறார். இருபது வருடமாக இந்த மனிதனிடமிருந்து அந்தத் துப்பாக்கியைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்று தொடர் கேட்காமலே இருந்த கேள்வியை அந்த எபிசோட் நேராகக் கேட்டுவிடுகிறது. கிட்டி இருந்த கடைசி சீசனும் அதுதான். இதைப் பார்த்து முடித்து, ஒரு வாரம் கழித்து 'மேட் டில்லன் மஸ்ட் டை' பாருங்கள். 'ஷேர்கிராப்பர்ஸ்' எபிசோடை நடுவில் எங்காவது, மழை நாளில் பக்கோடாவோடு பார்க்கலாம். அப்போது அது நன்றாகவே இருக்கும்.

1987இல் வந்த 'ரிட்டர்ன் டு டாட்ஜ்' படத்தைப் பார்க்கலாமா என்றால், பாருங்கள், ஆனால் எதிர்பார்ப்பைக் கீழே வைத்துவிட்டு. மேட் மார்ஷல் பேட்ஜைத் துறந்து மலைக்காட்டில் வாழ்கிறார். நியூலி இப்போது மார்ஷல். கிட்டி நியூ ஆர்லியன்ஸிலிருந்து வருகிறார். படம் எடுத்தது கனடாவின் ஆல்பர்ட்டாவில், மலையும் பனியும் அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் கன்சாஸின் தட்டைப் புழுதி இல்லை. மில்பர்ன் ஸ்டோன் 1980இலேயே இறந்துவிட்டதால் டாக் இல்லை. சம்பளப் பேச்சில் மனம் கசந்து கென் கர்ட்டிஸ் வரவில்லை. டாக்கும் ஃபெஸ்டஸும் பீருக்கு யார் காசு கொடுப்பது என்று அடித்துக்கொள்ளாத டாட்ஜ் சிட்டி எனக்கு என்னவோ போலிருந்தது. மேட்டும் கிட்டியும் நேருக்கு நேர் நிற்கும் காட்சிகளுக்காக மட்டும் பொறுத்துக்கொள்ளலாம். அங்கேயும் கல்யாணம் இல்லை. 1989இல் அமாண்டா பிளேக் இறந்தார், அதற்குப் பிறகு 1994 வரை வந்த நான்கு படங்களில் கிட்டி பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

எனக்கு இந்தத் தொடர் வந்து சேர்ந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மகன் வீட்டில், அமெரிக்காவில், பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்த மாதங்கள். வெளியே பனி. மதியம் குழந்தை தூங்கும் ஒரு மணி நேரம் பழைய தொடர்களை மட்டும் போடும் ஒரு சேனலில், சத்தத்தைக் குறைத்துவைத்து, கன்ஸ்மோக். ஒரு மணி நேர எபிசோடுகள் மட்டும், வாரம் ஐந்து. 402 எபிசோட், எண்பது வாரம். மூன்று குளிர்காலப் பயணங்களில் விட்டு விட்டுப் பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை 'ஷேர்கிராப்பர்ஸ்' வந்தது. கடைசி என்று எனக்குத் தெரியும். உங்களைப் போலவே முடியும்வரை காத்திருந்தேன், ஏதாவது செய்வார்கள் என்று. ஒன்றும் செய்யவில்லை. எழுத்து ஓடியது, இன்சூரன்ஸ் விளம்பரம் வந்தது, குழந்தை விழித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அதே நேரம் பழக்கதோஷத்தில் டிவியைப் போட்டேன். கறுப்பு வெள்ளை. 1961. ஒரு காலை விறைப்பாக வைத்துக்கொண்டு செஸ்டர் தெருவைக் கடந்து வருகிறான், "மிஸ்டர் டில்லன்" என்று கூப்பிட்டுக்கொண்டே. ஆர்னெஸுக்கு நரை இல்லை. படிகளில் தடதடவென்று இறங்குகிறார்.